விமானம் இறங்குவதற்குப் பதினோரு நாள் முன்பு

பாலக்கரை, திருச்சி
22 ஆகஸ்ட் 2025, வெள்ளிக்கிழமை

மகன் நவ்ஷாதுக்கு அம்மா சாரா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் சுகம் விசாரிக்க எழுதவில்லை. கை கால் நன்றாக இருக்கிறாய் என்று தைரியராஜ் சொன்னார். உன்னோடு வேலை பார்க்கும் அவர் லீவு முடிந்து திங்கட்கிழமை ஷார்ஜா திரும்புகிறார். இதை உன் கையில் கொடுத்து, நீ பிரித்த பிறகுதான் இடத்தை விட்டு நகர வேண்டும் என்று அவரிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். நீ என் நம்பரை அடைத்து நான்கு மாதம் ஆகிறது. உன் பெண்டாட்டி வஹீதா நம்பரையும் அவள் அத்தா நிஜாமுதீன் நம்பரையும் எனக்கு முன்பே அடைத்துவிட்டாய். தைரியராஜ் போனிலிருந்து பேசலாமே என்றார். பேசினால் பாதியில் அணைப்பாய். காகிதத்தைக் கிழிப்பதற்கென்று கையில் எடுத்தவன்கூட இரண்டு வரியாவது படிப்பான்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. உன் அத்தா மவுத்தான பிறகு மலைக்கோட்டைக் கடையில் சேலை மடிக்கும் வேலைக்குப் போய், அட்டைப்பெட்டிகளில் ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து நாற்பது வயதில் படிக்கக் கற்றேன். அந்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி. நடுவில் எதையும் தாண்டாதே. நான் வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி வஹீதாவுக்கு ஸ்கேன் எடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் அந்தக் காகிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு, நீ என்ன சொல்லப்போகிறாயோ என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். நீ அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. உன் அத்தாவின் தம்பி, சின்னத்தா நஸ்ருல்லாவுக்குக் குரல் பதிவு அனுப்பினாய். “ஸ்கேன்ல பதினாலு வாரம்னு போட்டிருக்கு. நான் இறங்கினது ஜனவரி பதினெட்டு. எண்ணிப் பாருங்க சின்னத்தா. நான் இருந்த வரைக்கும் அவ தினமும் மாத்திரை வேற போட்டா, என் கண் முன்னாடி போட்டா. அப்ப இது யாரோடது?” என்று கேட்டாய். இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, உன் குரலிலேயே கேட்டேன். நஸ்ருல்லா அதை டீக்கடையில் போட்டுக் காட்டினான். தெருவே கேட்டது. மறுநாள் நிஜாமுதீன் ஆட்டோ கொண்டுவந்து மகளையும் பேத்தி பஸீலாவையும் உறையூருக்குக் கூட்டிப்போனார். என்னைப் பார்த்து, “உங்க வீட்ல ஆம்பளைதான் அப்படின்னா, நீங்களுமா வாயில கொழுக்கட்டை வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கொழுக்கட்டை இல்லை. என்ன வைத்திருந்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

மே மாதம் முதல் வாரம் நான் மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குச் சண்டை போடப் போனேன். அங்கே மாத்திரை கொடுக்கும் நர்ஸ் பெயர் உமாமகேஸ்வரி. பஸீலா வயிற்றைக் கிழித்துப் பிறந்தவள், அடுத்தது மூன்று வருஷம் கழித்துத்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார் அல்லவா, அதற்காக நீ வருவதற்கு ஒரு மாதம் முன்பே வஹீதாவுக்கு இரண்டு அட்டை கொடுத்து அனுப்பியவர் அவர்தான். “உன் மாத்திரையால என் மருமக பேர் கெட்டுச்சு. வேலை செய்யாத மாத்திரையை எதுக்கும்மா கொடுக்கறே?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அந்தப் பெண் கோபிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உக்காருங்கம்மா. எந்தத் தேதியில முதல் மாத்திரை போட்டாங்க?” என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி பதினெட்டு, மத்தியானம், பிரியாணி சாப்பிட்ட பிறகு என்றேன். என் கையால்தான் கொடுத்தேன். காலையில் ஏர்போர்ட்டிலிருந்து நீ வந்து, பஸீலாவை முதன்முதலாகத் தூக்கி, அவள் உன்னைப் பார்த்து அழுத அதே நாள்.

கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது என்றார். ஜனவரி ஏழு.

அவர் ஒரு காலண்டரை எடுத்து என் முன்னால் வைத்தார். நவ்ஷாத், நீயும் இப்போது ஒன்றை எடுத்து வைத்துக்கொள்.

ஸ்கேனில் போடும் வாரம் குழந்தை தங்கிய நாளிலிருந்து எண்ணுவது இல்லையாம். அந்த நாள் எதுவென்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதனால் உலகம் முழுவதும் கடைசி மாதவிடாயின் முதல் நாளைத்தான் ஆரம்பமாக வைத்து எண்ணுகிறார்கள். ஏப்ரல் பதினைந்திலிருந்து பதினான்கு வாரம் பின்னால் போ. ஜனவரி ஏழு வரும். அதுதான் நீ கண்டுபிடித்த தேதி. நீ இறங்குவதற்குப் பதினோரு நாள் முன்பு. அன்று அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை, அவள் வயிற்றுவலியோடு படுத்திருந்தாள். குழந்தை தங்குவது அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. இப்போது நீயே ஜனவரி ஏழிலிருந்து முன்னால் எண்ணு. நீ வந்து மூன்றாம் நாள், நான்காம் நாள் வருகிறதா? வேறு யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை.

அப்படியானால் மாத்திரை என்ன ஆயிற்று என்று கேட்பாய். நானும் அதையே கேட்டேன். மாதவிடாய் வந்த ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால்தான் அந்த மாத்திரை முதல் நாளே காவல். அதற்குப் பிறகு ஆரம்பித்தால் ஏழு நாள் விடாமல் போட்ட பிறகே காவல். அதுவரை வேறு பாதுகாப்பு வேண்டும், இல்லாவிட்டால் விலகி இருக்க வேண்டும். வஹீதா ஆரம்பித்தது பன்னிரண்டாம் நாள். அதற்குள் உள்ளே கருமுட்டை வெளிவரத் தயாராகிவிட்டிருக்கும் என்றார் உமாமகேஸ்வரி. மாத்திரை மேல் குற்றம் இல்லை, போட்டவள் மேலும் இல்லை.

நீங்கள் முக்கொம்புக்குப் போனீர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மாத்திரையை மறந்து, மறுநாள் இரண்டாகப் போட்டாள். அதனால் இருக்குமோ என்று கேட்டேன். ஒருநாள் மறந்தால் நினைவு வந்ததும் போட வேண்டும், மறுநாளாகிவிட்டால் இரண்டையும் போடலாம், அவள் செய்தது சரிதான் என்றார். பிறகு அந்த அட்டையின் கடைசி வரிசையில் இருந்த ஏழு மண்நிற மாத்திரையைப் பற்றிக் கேட்டார். அது வெறும் சத்து மாத்திரை என்று வஹீதா சொல்லிக் கேட்டு, எனக்குத்தான் ரத்தம் குறைவு என்று அந்த ஏழையும் நான் விழுங்கியிருந்தேன். அதைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அம்மா, நீங்களா சாப்பிட்டீங்க? நல்லவேளை, நிஜ மருந்து இருக்கற வெள்ளையில கை வைக்கலை” என்றார். அந்த வாரம் வஹீதாவுக்கு ஒருநாள் கறை மட்டும் பட்டதாகச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதே பரிசோதித்திருக்க வேண்டும் என்றார். “மாமி, ஒருநாள் கறைதான் பட்டுச்சு” என்று வஹீதா வந்து சொன்னாள். மாத்திரைச் சூடு, இளநீர் குடி என்று அனுப்பியவள் நான். நோன்பில் விடியுமுன் சாப்பிட்ட ஸஹர் சாப்பாட்டை வாந்தி எடுத்தபோதும் வெறும் வயிற்றுப் பித்தம் என்றேன்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு உமாமகேஸ்வரி கேட்டார். “நான் அவங்ககிட்ட, வீட்டுக்காரர் இருந்தாலும் இல்லாட்டியும் தினமும் போடணும், அஞ்சு நாளைக்குள்ள ஆரம்பிக்கணும்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்பினேனே. யார் சொல்லி பதினெட்டாம் தேதி வரைக்கும் காத்திருந்தாங்க?”

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து வந்துவிட்டேன்.

உனக்குச் சொல்கிறேன். ஜனவரி எட்டாம் தேதி வஹீதா என்னிடம் வந்து அட்டையைக் கேட்டாள். அது என் அலமாரியில், பூட்டுக்குள் இருந்தது. “சிஸ்டர் அஞ்சு நாளைக்குள்ள ஆரம்பிக்கச் சொன்னாங்க மாமி” என்றாள். நான், “ஷார்ஜாவுல இருக்கறவனுக்கு இங்க எதுக்குடி மாத்திரை? அவன் வந்து இறங்கட்டும், அன்னிக்குத் தரேன். சும்மா சும்மா முழுங்கினா கர்ப்பப்பை வெந்து போகும்” என்றேன். அவள் இன்னொரு தரம் கேட்டாள். “நர்ஸு பெத்தாளா, நான் பெத்தேனா?” என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. காய்ச்சல் வந்தால் காய்ச்சல் மாத்திரை, மழை பெய்தால் குடை, அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். நம் தெருவில் வெளிநாட்டுக்காரன் பெண்டாட்டிகள் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் போடுகிறார்கள், லீவுக்கு வந்தால் ஆரம்பிப்பது, விமானம் ஏறினால் நிறுத்துவது. நீ ஏறிய அன்றே பாதி அட்டையைத் திரும்ப வாங்கிப் பூட்டியதும் நான்தான். கர்ப்பப்பை வேகாது என்று உமாமகேஸ்வரி சொன்னார். நிறுத்தினால் அடுத்த மாதமே குழந்தை தங்கலாமாம். பி.பி., ரத்தம் கட்டுவது, கண்ணில் மின்னல் அடித்து வரும் தலைவலி, இதெல்லாம் உள்ளவர்கள்தான் இதைத் தவிர்க்க வேண்டுமாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு அறுபத்து நான்கு வயது ஆகியிருக்கிறது.

இப்போது கொழுக்கட்டைக்கு வருகிறேன். மே மாதமே எனக்கு எல்லாம் தெரியும். உறையூருக்கு எவ்வளவு தூரம்? ஒரு பஸ். நஸ்ருல்லா வீடு அடுத்த சந்து. நான் எங்கும் போகவில்லை. பிள்ளை பிறந்தால் உன் மூக்கும் உன் நெற்றியும் தானாகப் பேசும், ஊர் வாயடங்கும், நான் ஏன் என் வாயால் சொல்லி, மருமகளுக்கு மாத்திரை கொடுக்கத் தெரியாதவள் என்று பேர் வாங்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். இந்தத் தெருவில் என் பேச்சைத் தப்பென்று யாரும் சொன்னது இல்லை. மே, ஜூன், ஜூலை. அவள் அத்தா வீட்டில் சன்னலைக்கூடத் திறக்காமல் இருந்தாள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

அவளுக்கு மட்டும் தெரியாதா, மாமி சொல்லித்தான் தள்ளிப்போட்டோம் என்று? உனக்கோ அவள் அத்தாவுக்கோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை என்று போன வாரம் கேட்டேன். “சொன்னா பழியைத் தூக்கி உங்க மேல போடறேன்னு சொல்வாங்க மாமி. நம்பறவங்களுக்குத் தேதி வேண்டாம். நம்பாதவங்களுக்குத் தேதி சொல்லி என்ன?” என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பஸீலாவுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள்.

போன வாரம் எப்படி அவளைப் பார்த்தேன் என்று உனக்குத் தோன்றியிருக்கும். இதுவரை படித்தது உனக்கு விளங்கிவிட்டதா? விளங்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து படித்துவிட்டு வா. ஏனென்றால் இனிமேல் எழுதுவதைப் படித்த பிறகு நீ அவளை நம்பினால் அது பரிதாபத்தில் நம்புவதாக இருக்கும். அவளுக்கு உன் பரிதாபம் தேவையில்லை. தேதியைப் பார்த்து, புத்தியால் நீ ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

ஜூலை இருபத்தொன்பதாம் தேதி விடிகிற சுபுஹு நேரத்தில் வஹீதாவுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. ஏழாம் மாதம். நஞ்சுக்கொடி பழைய தையல்மேல் ஒட்டியிருந்ததாம். மூன்று வருஷ இடைவெளி கேட்டது இதற்குத்தான். நிஜாமுதீன் எனக்குப் போன் போட்டு, “வரணும்னா வாங்க” என்றார். புத்தூர் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேருவதற்குள் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். ஆண்பிள்ளை. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். காதில் பாங்கு சொல்ல நீ இல்லை. நிஜாமுதீன் சொன்னார். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுதான் சொல்ல முடிந்தது. டாக்டர்கள் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். சாயந்திரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு நின்றுவிட்டது.

வஹீதாவுக்கு ஆறு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டியது. குடிக்கப் பிள்ளை இல்லாத பாலை நான்தான் துணி வைத்துக் கட்டிவிட்டேன். அவள் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

தெரியாமல் போட்ட மாத்திரைதான் பிள்ளையைக் கொன்றதோ என்று உமாமகேஸ்வரியிடம் போய்க் கேட்டேன். இல்லை, கர்ப்பம் தெரியாமல் போட்டதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, காரணம் அந்தத் தையல் என்று சத்தியமாகச் சொன்னார். அது எனக்கு ஆறுதலாகவும் இருக்கும் என்று நினைத்திருப்பார். ஆனால் அந்தத் தையல் ஆறுவதற்குள் பிள்ளை தங்கியது யாரால் என்று அவர் மறுபடி கேட்கவில்லை. அன்றைக்கு நானாகவே சொன்னேன்.

உறையூரிலேயே அடக்கம் செய்துவிடலாம் என்றார் நிஜாமுதீன். நான் விடவில்லை. என் மகன் பிள்ளை என் மகனுடைய அத்தா கிடக்கிற கபர்ஸ்தானில்தான் அடங்கும் என்று சொல்லி, மறுநாள் காலையில் பாலக்கரைக்குக் கொண்டுவர வைத்தேன். கபர்ஸ்தான் வாசலில் பாங்கு சொல்லும் மோதினார் பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தகப்பன் பேர் என்ன போடுவது என்று பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியைப் பார்த்தார். முத்தவல்லி நஸ்ருல்லாவைப் பார்த்தார். நஸ்ருல்லா செருப்பைப் பார்த்தான். பெண்கள் உள்ளே போகக்கூடாத இடம். நான் வெளியே நின்றபடியே சத்தம் போட்டேன். ஜனவரி ஏழு, ஜனவரி பதினெட்டு, அலமாரிச் சாவி, எல்லாவற்றையும் சொன்னேன். மாதவிடாய் என்ற வார்த்தையை அத்தனை ஆண்கள் நடுவில் சொன்னேன். “தப்பு எம்மேல. போடுங்க, நவ்ஷாத் மகன்னு போடுங்க. போடாம இந்த இடத்தை விட்டு எவனும் போக முடியாது” என்றேன். எழுதினார்கள். நஸ்ருல்லா அழுதான். அன்றே அவனிடம் சொல்லிவிட்டேன், இந்தச் செய்தியை உனக்கு நான்தான் சொல்வேன், அதற்கு முன் அவன் வாயைத் திறந்தால் மறுமையிலும் விடமாட்டேன் என்று. அதனால்தான் உனக்கு இன்னும் தெரியாது.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வஹீதாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தினமும் உறையூருக்குப் போய் பஸீலாவைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறேன். உன்னை மன்னிக்கச் சொல்லி அவளிடம் ஒருபோதும் பேசமாட்டேன். அவள் உன்னோடு வாழ்வாளா மாட்டாளா என்பது அவள் முடிவு. நீ செய்ய வேண்டியது ஒன்று. எந்தக் குரலில் அவளைக் கெடுத்தாயோ அதே குரலில், அதே நஸ்ருல்லாவுக்கு, நீ தப்பாக எண்ணினாய் என்று பேசி அனுப்பு. டீக்கடையில் அதையும் போட்டுக் காட்டச் சொல். நான் போய் நின்று கேட்பேன்.

இன்னொன்று. இது கட்டளை இல்லை. மோதினார் புத்தகத்தில் உன் பெயர் இருக்கிறது, பிள்ளையின் பெயர் இல்லை. நான் சொன்ன எந்தப் பெயரையும் வஹீதா ஏற்கவில்லை. “அத்தாதானே பேர் வைக்கணும்” என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அந்த இடம் இருபத்து நான்கு நாளாக வெறுமையாக இருக்கிறது. தைரியராஜ் நிற்கும்போதே, இந்தக் காகிதத்தின் பின்புறத்திலாவது ஒரு பெயர் எழுதிக் கொடு, அவர் படம் பிடித்து அனுப்பட்டும் ராஜா.

அல்லாஹ் உன் கைக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

உன்னைப் பெற்ற
சாரா பீவி